பேருக்குப் பின்னால் என்ன போடலாம்?

"...கல்யாணப் பத்திரிகையைக் கையிலே வச்சுக்கிட்டு யாரு சார் வந்து சர்ட்டிபிகேட் கேக்கப் போறாங்க? மாப்பிள்ளை பேருக்குப் பின்னாலே பி.இ.-ன்னு ரெண்டே ரெண்டு எழுத்து. போட்டுடுங்க. கண்ணை உறுத்தும்னா சின்னதாவே போடுங்க."

சொன்னவர் மரியசூசை. காட்டுப்பாக்கத்துக்காரர். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட்கிளார்க், அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, கரையான்சாவடியில் இருக்கிற என் பிரஸ்ஸில், எனக்கு எதிரே உட்கார்ந்து, குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

குரலைத் தாழ்த்தி என்ன பயன்? என் பிரஸ்ஸின் மொத்த நீளமே இருபது அடி. அச்சுக் கோக்கிற கஸ்தூரி மூன்றடி தள்ளி நிற்கிறாள்.

"பி எழுத்து தீந்துபோச்சுண்ணே" என்றாள், தலையைத் தூக்காமலே. "காலீலேர்ந்து நாலு பத்திரிகை கோத்துக்கினு கீறேன். எல்லாப் பொண்ணும் பி.ஏ., எல்லா மாப்ளையும் பி.காம். இவரு மாப்ளைக்கி வேற எழுத்துல எதுனா படிப்பு இருந்தா கேட்டுச் சொல்லு."

அவள் சொன்னது பொய்யில்லை. முகூர்த்த மாதம் வந்தால் என் பிரஸ்ஸில் முதலில் தீர்ந்துபோகிற சாமான் எது தெரியுமா? இங்கிலீஷ் பெரிய எழுத்து 'பி'. அச்சு எழுத்துப் பெட்டியில் அந்த ஓர் அறை மட்டும் எப்போதும் காலியாகக் கிடக்கும். 'இஸட்' எழுத்துகளோ, வாங்கிய நாளிலிருந்து புது மெருகு கலையாமல் தூங்குகின்றன.

நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் தனியாக வராது. பின்னால் ஒரு படிப்பு வந்தாக வேண்டும். படிப்பை முடிக்காதவர்கள் அடைப்புக்குறிக்குள் 'இறுதியாண்டு' என்று போடச் சொல்வார்கள் — அந்த இறுதியாண்டு முடிந்து ஆறு வருஷம் ஆகியிருக்கும். ஒருவர் 'டைப்ரைட்டிங் லோயர்' என்று போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் வந்து, "அந்த லோயரை மட்டும் எடுத்துடுங்க சார், பார்க்க என்னவோ மாதிரி இருக்கு" என்றார். எடுத்தேன்.

நான் யார் கேலி செய்ய? வாரா வாரம் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் எட்டாம் வகுப்பு. பாதி எழுத்தைப் பள்ளிக்கூடத்திலும் மீதியை அச்சுக்கட்டையிலும் படித்தவன். தலைகீழாகவும் வலமிருந்து இடமாகவும் வாசிக்க வரும். அதற்கு இன்னும் யாரும் டிகிரி கொடுக்கவில்லை.

சரி, மரியசூசைக்கு வருவோம்.

அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா. பி.எஸ்ஸி. படித்துவிட்டு ஒரு ஸ்கூலில் டீச்சர். மாப்பிள்ளை லாரன்ஸ், ஆவடிப் பக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு, பிறகு அப்ரண்டிஸ், இப்போது ஒன்பது வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், டூல் ரூமில் வேலை. பையனைப் பற்றி மரியசூசைக்கு ஒரு குறையும் கிடையாது. "பையன் தங்கம் சார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. எம் பொண்ணு சொல்றதுக்கு முன்னாடியே நானே சரின்னுட்டேன்."

"பின்னே எதுக்கு பி.இ.?"

அங்கேதான் கொஞ்சம் நெளிந்தார்.

கிறிஸ்தவ வீட்டுக் கல்யாணம். கோவிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆட்சேபணை இருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று பங்குச் சாமியார் படிப்பார். முதல் ஓலை முடிந்து வெளியே வந்ததும் கோவில் வாசலில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அம்பத்தூர் எஸ்டேட்லே இன்ஜினியர்னு வாயிலே வந்துடுச்சு சார். வந்ததைத் திருப்பி உள்ளே போட முடியுமா? நான் சத்தியமா இன்ஜினியர்னு மட்டும்தான் சொன்னேன். ரெண்டாவது ஓலைக்குள்ளே அவங்களே பி.இ. ஆக்கிட்டாங்க. எந்தக் காலேஜ்னு ஒருத்தர் கேட்டார்..."

"என்ன சொன்னீங்க?"

"இருமிட்டேன்."

அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அன்றைக்கே பூசை முடிந்ததும் கோவில் வாசலில் பத்திரிகை கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். அதற்குள் அச்சாக வேண்டும்.

நான் மறுத்திருக்க வேண்டாமா? வேண்டியதுதான். ஆனால் பிரஸ்காரன் புத்தி, பார்ட்டி சொன்னதைப் போடுகிற புத்தி. கஸ்தூரி எங்கிருந்தோ ஒரு பழைய கட்டையைப் பிரித்து ஒரு 'பி' எடுத்துக் கோத்தாள். அன்றைக்கே, பிழை பார்க்க ஒரு புரூப் அடித்து, காயட்டும் என்று கம்பியில் மாட்டிவைத்தோம்.

மறுநாள் சாயந்திரம், சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். காக்கிச் சட்டை, சட்டைப் பையில் ஒரு இரும்பு ஸ்கேல். முப்பது வயதிருக்கும்.

"அண்ணே, என் கல்யாணப் பத்திரிகை இங்கதான் அடிக்கிறாங்களாமே. பாக்கலாமா?"

லாரன்ஸ்! இதை நான் எதிர்பார்க்கவில்லை. கஸ்தூரி புரூபைக் கம்பியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

லாரன்ஸ் புரூபை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணே, இந்த பார்டர் கீழ வரவர இடது பக்கம் சாய்து. ஒரு அரை எம்.எம்."

"என்னது?"

சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டினார். அரை எம்.எம்.தான். ஆறு மாதமாக என் பத்திரிகைகள் வெட்டும்போது ஏன் கோணிக்கொண்டு போகின்றன என்று தெரியாமல் கட்டிங் மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன். லாரன்ஸ் என் அச்சு மிஷினிடம் போய், காகிதம் முட்டிக்கொண்டு நிற்கிற முளையை விரலால் தடவினார். "இது ஒரு பக்கம் தேஞ்சி கீது பாருங்க. மாத்திடுங்க."

கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாத்தே, பார்டர் கோணலா கீறது கண்ணுல பட்டுச்சே, உன் பேருக்குப் பின்னால கீறது படலியா?"

"அதுக்குத்தானே வந்தேன்க்கா. இது நடுவுல கண்ணுல பட்டுச்சி." புரூபை மேஜைமேல் வைத்தார். "ஸ்டெல்லாதான் சொல்லி அனுப்பிச்சிது. 'பிரஸ்ல போயிப் பாருங்க, அப்பா உங்களுக்கு டிகிரி குடுத்துட்டாரு'ன்னு."

நான் சமாதானமாகப் பேசப் பார்த்தேன். "பெரியவர் ஆசைப்படறார் தம்பி. உனக்கு மரியாதையாத்தானே..."

"மரியாதையாண்ணே?" குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எங்க மேனேஜருக்கு ஒரு பத்திரிகை வைப்பேன். அவரு நெசமாவே பி.இ. நாலு வருசம் ஒக்காந்து படிச்சாரு. அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஐ.டி.ஐ.ல எங்கூடப் படிச்ச பசங்க அத்தினி பேரும் வருவானுங்க. 'இன்னா மச்சான், நாம படிச்சதச் சொல்ல உனுக்கு வெக்கமா கீதா'ன்னு ஒருத்தன் கேட்டா, தாலி கட்டற கை நடுங்கிடும்ணே."

"சரி, எதுவுமே போடாம வெறும் பேரா விட்டுடலாமா?"

யோசித்தார். "பொண்ணு பேருக்குப் பின்னால பி.எஸ்ஸி. போடுவீங்க இல்ல?"

"போடுவோம்."

"அப்போ எனக்கும் போடுங்க. ஐ.டி.ஐ. ரெண்டு வருசம் படிச்சேன். அப்புறம் அப்ரண்டிஸ், அப்புறம் ஒரு பரீட்சை. சும்மா யாரும் குடுக்கல." எழுந்துகொண்டார். "மாமாகிட்ட சொல்லிடுங்கண்ணே. பி.இ. போட்டா அந்தப் பத்திரிகைல கீற மாப்ள நான் இல்ல. அவரை எங்கனா தேடிப் புடிச்சிக் கூட்டினு வந்து கோவில்ல நிக்க வைக்கட்டும். சனிக்கெழம நானே சாமியாரப் பாத்து, மூணாவது ஓலை வாசிக்க வேணாம்னு சொல்லிடறேன்."

போய்விட்டார். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மாப்ளன்னா இது மாப்ள" என்றாள் கஸ்தூரி. அப்புறம் அவளுக்கே சிரிப்பு போய்விட்டது. "அண்ணே, அந்தாளு சொன்னதச் செய்வாரு போல கீதே."

புதன்கிழமை காலையில் மரியசூசை வந்தார். ராத்திரி தூங்கின முகமாகத் தெரியவில்லை. லாரன்ஸ் சொன்னதைச் சொன்னேன். வீட்டில் மகளும் இதையேதான் சொல்லியிருக்கிறாள், இன்னும் சூடாக. "பி.இ. படிச்ச ஒருத்தருக்கு நான் சரின்னு சொல்லவே இல்லியேப்பா. நான் சரின்னு சொன்னது வேற ஆளுக்கு" என்றாளாம்.

நம்மவர் ஹெட்கிளார்க் இல்லையா? ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முப்பது வருஷமாகக் காகிதத்தோடு குடித்தனம் செய்கிறவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் தீராத சிக்கல் என்று ஒன்று கிடையாது. சரியான காகிதம் கிடைக்காத சிக்கல்தான் உண்டு.

"மாப்பிள்ளையோட கம்பெனிக்கு நீங்கதானே சார் ஜாப் கார்டு அடிச்சுக் கொடுக்கறீங்க? மேனேஜரைத் தெரியுமில்லே? கம்பெனி லெட்டர்ஹெட்லே ஒரே ஒரு வரி. இவர் எங்கள் நிறுவனத்தில் இன்ஜினியராகப் பணிபுரிகிறார்னு. சீல் வச்சு. அது போதும். மாப்பிள்ளைக்கும் பொய் சொன்னதா இருக்காது, எனக்கும் மானம் போகாது. டிகிரி வேண்டாம், 'இன்ஜினியர்'னு மட்டும் போட்டுக்கலாம். என்ன சொல்றீங்க?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை எனக்கும் அங்கே ஜாப் கார்டு கட்டுகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஹெட்கிளார்க் தோளில் என் பார்சல்! மகள் கல்யாணம் மனுஷனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது பாருங்கள்.

கம்பெனியின் மேனேஜர் சீனிவாசன் நல்ல மனுஷர். லாரன்ஸ் சொன்ன அந்த 'நெசமான பி.இ.' இவர்தான். "லாரன்ஸுக்கு மாமனார் ஆகப்போறவர்" என்று அறிமுகம் செய்தேன். கையைப் பிடித்துக் குலுக்கினார். "சரியான நாள்லே வந்தீங்க. ஒரு பத்து நிமிஷம் இருங்க. முதல் பீஸ் வரப்போகுது. அப்படியே பாருங்களேன்" என்று எங்களையும் ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

புது டை ஒன்றை முதன்முதலாக ஓட்டுகிற நாள் அங்கே ஒரு சின்னத் திருவிழா. டை என்றால், தகட்டை வெட்டி வடிவம் கொடுக்கிற இரும்பு அச்சு. என் பிரஸ்ஸுக்கு ஈய எழுத்து எப்படியோ, அவர்கள் பிரஸ்ஸுக்கு டை அப்படி. அன்றைய டையைச் செய்தது லாரன்ஸ். சாமான் வாங்கப்போகிற கம்பெனியிலிருந்து, கழுத்தில் டை கட்டிய ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அவரும் இன்ஜினியர்தான். கையில் ஒரு ஃபாரம், அதில் மேனேஜர் கையெழுத்துப் போட ஒரு கட்டம். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றிலிருந்தே ஆயிரக்கணக்கில் அடிக்கத் தொடங்கலாம்.

பிரஸ் ஒரு தடவை இறங்கி ஏறியது. நெஞ்சுக்குள் திம்மென்றது. கீழே ஒரு தகட்டுத் துண்டு விழுந்தது. உள்ளங்கை அளவு, நாலு ஓட்டை.

இன்ஸ்பெக்டர் எடுத்தார். வைத்திருந்த கருவிகளை எல்லாம் போட்டு அளந்தார். "எல்லாம் லிமிட்டுக்குள்ள இருக்கு. ஓ.கே. சைன் பண்ணிடுங்க சார்" என்று ஃபாரத்தை மேனேஜரிடம் நீட்டினார்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். ஆனால் எழுதவில்லை. திரும்பி லாரன்ஸைப் பார்த்தார்.

லாரன்ஸ் எங்களை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். தலையை மட்டும் அசைத்தார். பிறகு பீஸைக் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பு முழுக்கக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி அதே இடத்தில் நின்றது.

"பிசிறு கீது சார்."

"லிமிட்டுலதாம்பா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். கொஞ்சம் எரிச்சல். "நான் அளந்து பார்த்துட்டேன். மத்தியானம் எனக்கு வேற இடம் போகணும்."

"இன்னிக்கி லிமிட்ல கீது சார். இந்த ஒரு மூலைல மட்டும் வருது, மத்த மூணுல இல்ல. டையோட மேல்பாகம் ஒரு மயிரிழை தள்ளி ஒக்காந்து கீது. பத்தாயிரம் அடிச்ச பின்னால உங்க ஆளுங்க கையத்தான் கிழிக்கும்."

இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்க்கிறார். மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "டீ சாப்பிடலாமா சார்?" என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

லாரன்ஸ் நாலு போல்ட்டைத் தளர்த்தினார். ஒரு செம்புச் சுத்தியலால், குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு தட்டு. இறுக்கினார். கையால் மெல்ல ஓட்டிப் பார்த்தார். மறுபடி தளர்த்தி, அதைவிட மெதுவாக இன்னொரு தட்டு. இப்படியே அரைமணி. மரியசூசை உட்காரவே இல்லை. டீ அவர் கையிலேயே ஆறிப்போனது.

பிரஸ் மறுபடி இறங்கியது. லாரன்ஸ் பீஸை எடுத்தார், கட்டைவிரல் சுற்றிலும் ஓடியது. இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. பீஸைத் திருப்பினார். கூரான ஒரு இரும்பு ஊசியால் அதன் முதுகில் சின்னதாக ஒரு 'எல்' கீறி, மேனேஜர் கையில் கொடுத்தார்.

மேனேஜர் பீஸை அளக்கவே இல்லை. திருப்பி அந்த 'எல்' இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். பேனாவை எடுத்தார், ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

லாரன்ஸ் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எங்களிடம் வந்தார். "வாங்க மாமா. டீ குட்ச்சீங்களா? ஆறிப்போச்சே, வேற சொல்லட்டா?"

பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தை? கிடையாது.

"வேண்டாம் மாப்ளே. ஆறினாத்தான் எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லி, ஆறிய டீயை மரியசூசை ஒரே மடக்கில் குடித்தார். நான் அறிந்து அவருக்குக் கொதிக்கக் கொதிக்க வேண்டும்.

மேனேஜர் அறைக்கு வந்து உட்கார்ந்தோம். இப்போது லெட்டரைக் கேட்பார் என்று நான் மரியசூசை முகத்தைப் பார்க்கிறேன். அவர் வேறு எதையோ கேட்கிறார்.

"சார், அவரு அந்தக் கீறல் போடாட்டி நீங்க கையெழுத்துப் போடவே மாட்டீங்களா?"

சீனிவாசன் சிரித்தார். "சட்டப்படி என் கையெழுத்து போதும் சார். ஒரு தடவை அப்படிப் போட்டும் இருக்கேன். அவரு லீவுலே இருந்தாரு, எனக்கு அவசரம். லாரி போச்சு. நாலாம் நாள் அதே லாரி, அதே சரக்கோட திரும்பி வந்து வாசல்லே நின்னுச்சு. பிசிறு எவ்வளவு இருக்கலாம்னு நான் படிச்ச புஸ்தகத்துலே இருக்கு சார். எந்த மூலையிலே எப்போ வளரும்னு உங்க மாப்பிள்ளை கட்டைவிரலுக்குத்தான் தெரியுது."

என் வாய்தான் சும்மா இருக்காதே. "அப்போ அவரை இன்ஜினியர்னு சொல்லலாமில்லே சார்? ஒரு லெட்டர்..." என்று இழுத்தேன்.

"நான் சொல்வேன் சார். ரெண்டு தடவை ப்ரமோஷனுக்கு எழுதிப் போட்டேன். ஃபாரத்திலே கல்வித் தகுதின்னு ஒரு கட்டம் இருக்கு. அதிலே ஐ.டி.ஐ.ன்னு எழுதின உடனே ஹெட் ஆபீஸ்லே அடுத்த கட்டத்தைப் படிக்கிறதை நிறுத்திடறாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "லெட்டர்தானே? தரேன் சார். இப்பவே டைப் பண்ணச் சொல்லட்டுமா?" என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. மரியசூசையின் காலை மெல்லத் தட்டினேன்.

அவர் எழுந்து கைகூப்பினார். "வேண்டாம் சார். சும்மா மாப்பிள்ளையைப் பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். மதுரவாயல் வரைக்கும் பேச்சே இல்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, பேச்சில்லாமல் பஸ்ஸில் போவது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று. உலக விஷயங்களை யோசித்துக்கொண்டு வந்தேன். என் சுவர்க் கடிகாரத்தை ரிப்பேர் செய்கிறவர், தெருத் தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டால் ஓடி வருகிறவர், பஸ்ஸையே நடுவழியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்கிறவர்... இவர்களில் ஒருவரிடமாவது நாம் எந்தக் காலேஜ் என்று கேட்டதுண்டா? வேலை ஆகிற வரைக்கும் கையைப் பார்க்கிறோம். பெண் கொடுக்கும்போதும் ப்ரமோஷன் கொடுக்கும்போதும்தான் காகிதத்தைத் தேடுகிறோம்.

வானகரம் தாண்டியதும் மரியசூசை தானாகவே பேச ஆரம்பித்தார். என்னைப் பார்த்து இல்லை, ஜன்னலைப் பார்த்து.

"எங்க ஆபீஸ்லே ஃபைல் மேலே போகும் சார். நோட் எழுதறது நான். கையெழுத்து ஆபீசருது. இதுவரைக்கும் ஏழெட்டு ஆபீசருங்க வந்துட்டாங்க. எல்லாரும் பெரிய படிப்பு. ஒருத்தரும் நோட்டை முழுசாப் படிச்சதில்லே. இடது ஓரத்திலே என் இனிஷியல் இருக்கான்னு மட்டும் பார்ப்பாங்க. இருந்தா, போட்டுடுவாங்க. நான் லீவு போட்டா ஃபைல் நகராது."

"அடேயப்பா" என்றேன்.

"இத்தனை வருஷத்துலே ஒரு ஆபீசர்கூட வெளியே யார்கிட்டேயும் அதைச் சொன்னதில்லே சார்."

எனக்கு ஒன்று கேட்கத் தோன்றியது. கேட்டும் விட்டேன். "ஆமா, நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"வேலப்பன்சாவடி வந்துடுச்சு பாருங்க" என்றார்.

கரையான்சாவடியில் இறங்கி நேரே பிரஸ்ஸுக்கு வந்தோம். கஸ்தூரி சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இன்னாண்ணே, கல்யாணம் கீதா, இல்லியா?"

"அந்தப் புரூபைக் கொஞ்சம் குடும்மா" என்றார் மரியசூசை.

கொடுத்தாள். மேஜைமேல் விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இருந்த பி.இ.யின் மேல் ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே, முத்து முத்தான ஆபீஸ் கையெழுத்தில், ஐ.டி.ஐ. (ஃபிட்டர்) என்று எழுதினார்.

"ஞாயித்துக்கெழம கோவில் வாசல்லே கேப்பாங்களே, இன்னா சொல்லுவே நைனா?" என்றாள் கஸ்தூரி.

"கேக்கட்டும்மா. இந்தத் தடவை இருமல் வராது."

எனக்கும் நிம்மதி. புரூபை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. பேனாவையும் மூடவில்லை. பத்திரிகையின் அடிப்பகுதிக்கு வந்தார். 'தங்கள் நல்வரவை நாடும்' என்று இருந்ததற்குக் கீழே, ச. மரியசூசை என்று அவர் பெயர் மட்டும் மொட்டையாக நின்றது. அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து, எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதினார்.